ஸ்டூலை எங்கே வைத்தீர்கள்?

பல்கலைக்கழகத்தில் அவருக்கு 'நொடி மேடம்' என்று பெயர். மாணவர்கள் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றாலும் அவர் காதுக்கு அது எட்டியிருந்தது. "நிமிஷ மேடம்னு வெச்சிருந்தாத்தான் வருத்தப்பட்டிருப்பேன். அறுபது மடங்கு மெதுவாயிடுவேனே" என்று ஒருநாள் வகுப்பிலேயே சொல்லிச் சிரித்தார்.

உற்பத்திப் பொறியியல் துறையில் பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்த ஆசிரியர். ஆண்டுக்கொரு தடவை கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்துக்கொள்ளும் வேலை. அவர் நடத்திய பாடத்துக்கு 'லீன்' என்று பெயர். ஒரு வேலையில் எது தேவை, எது வீண் என்று பிரித்துப் பார்த்து, வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் குவியல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வேலையைத் திரும்பக் கோத்துக் கட்டுகிற முறை அது. மற்ற ஆசிரியர்கள் இதைத் திரையில் படம் போட்டுச் சொல்வார்கள், பிள்ளைகள் தூங்குவார்கள். இவர் வகுப்பில் தூங்க முடியாது. பழைய செய்தித்தாள் கட்டு, பசை டப்பா, ரப்பர் முத்திரை, ஸ்டாப்வாட்ச் சகிதம் உள்ளே வருவார். ஐந்து மேஜைகளை வரிசையாகப் போடச் சொல்வார். ஒருவர் வெட்ட, ஒருவர் மடிக்க, ஒருவர் ஒட்ட, ஒருவர் முத்திரை குத்த, கடைசி ஆள் சரிபார்க்க, காகித உறை தயாராகும். முதலில் பத்துப் பத்தாகச் செய்து நகர்த்தச் சொல்வார். முதல் உறை கடைசி மேஜையைத் தாண்ட ஏழு நிமிடம் ஆகும். பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்வார். முதல் உறை ஐம்பது நொடியில் வந்து விழும். அதே ஆட்கள், அதே கைகள். வகுப்பே மேஜையைத் தட்டும்.

அந்த ஆண்டு ஒட்டும் மேஜையில் ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். இடது கைப்பழக்கம் உள்ளவள். 'இடக்கை' என்றுதான் தோழர்கள் கூப்பிடுவார்கள். அவள் முன்னால் மடித்த காகிதம் மலையாகக் குவிந்தது.

"ஏ இடக்கை, உனக்காக ஊரே நிக்குது!"

"பசையோட சேர்த்து அவளையும் ஒட்டிட்டாங்கடா. விடுங்கடா பாவம்."

மேடம் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். "ஆளைப் பார்க்காதே, வேலையைப் பார். அவ கை எங்க போகுதுன்னு பாருங்க."

பார்த்தார்கள். பசை டப்பா மேஜையின் வலப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் இடுப்பைத் திருப்பி, உடம்புக்குக் குறுக்கே இடது கையைக் கொண்டுபோய்த் தூரிகையை எடுக்க வேண்டியிருந்தது. மேடம் டப்பாவைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார். பத்து நிமிடத்தில் குவியல் கரைந்தது. கேலி செய்தவன்தான் இப்போது பின்தங்கினான். இடக்கை அவனைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு எந்தப் பக்கம் வேணும்னு சொல்லுப்பா, டப்பாவை நகர்த்தித் தரேன்" என்றாள்.

"ஆளைப் பார்க்காதே, வேலையைப் பார்." வகுப்புக்கு இரண்டு தடவையாவது அவர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வரும். வேலை தேங்கினால் சோம்பேறி, மந்தம், தலையெழுத்து என்று ஆள்மேல் பழியைத் தூக்கிப் போடுகிற வழக்கத்துக்கு எதிரான வாக்கியம் அது. உலகத்தில் தலையெழுத்து என்று சொல்லப்படுவதில் பாதி, யாரோ டப்பாவைத் தப்பான பக்கம் வைத்ததுதான். நல்ல வாக்கியம். அவர் அதை மனதார நம்பினார்.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. அவருடைய அம்மா இருபத்தாறு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைத்தவர். அம்மாவிடம் கேட்ட ஒரு கதையை மேடம் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்வார். தொழிற்சாலையில் ஒரு 'வாட்ச்காரர்' இருந்தாராம். கையில் கடிகாரத்தோடு தையல் வரிசைக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு காலருக்கு எத்தனை நொடி என்று எழுதுவாராம். அவர் வருகிற வாசனை தெரிந்ததும் நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் மெதுவாகிவிடுவார்களாம். அந்த மனிதர் அந்த ஆமை வேகத்தையே சத்தியம் என்று எழுதிக்கொண்டு போவாராம். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அதனால கடிகாரத்தை மட்டும் நம்பாதீங்க. அளக்கிறோம்னு தெரிஞ்சா ஆளுங்க நடிப்பாங்க" என்று முடிப்பார். அம்மாவின் கதையில் மகள் கண்ட பாடம் அவ்வளவுதான்.

அந்த ஆண்டு துறைத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. காகித உறை போதாது, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஓர் உண்மையான வேலையிடத்தை எடுத்து மாற்றிக் காட்டுங்கள் என்றார். "நிரந்தரப் பணியிடப் பட்டியல்ல உங்க பேரும் இருக்கு மேடம். இது சரியான நேரம்" என்று கூடவே சொன்னார்.

மேடம் தேர்ந்தெடுத்தது வேதியியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கழுவும் அறையை. பதினோரு ஆய்வகங்களிலிருந்து பீக்கர், குடுவை, பிப்பெட் என்று அழுக்குக் கண்ணாடிச் சாமான் எல்லாம் தட்டுத் தட்டாக அங்கேதான் வரும். நீளமான அறை. வாசலருகே இரண்டு கழுவும் தொட்டிகள். எதிர்க்கோடியில் ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலடியில் உலர்த்தும் தாங்கிகள், ஒரு மர ஸ்டூல். தொட்டிக்கும் தாங்கிக்கும் நடுவே பதினான்கு மீட்டர் வெறுந்தரை. அங்கே இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். உடன்பிறந்தவர்கள் இல்லை, ஆனால் முன்னால் வேலைக்கு வந்தவர் பெரியக்கா, பின்னால் வந்தவர் சின்னக்கா என்று கட்டடமே கூப்பிட்டது. இருவரும் ஐம்பதைத் தொட்டவர்கள். இருவரும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். பல்கலைக்கழகத்தின் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

இடக்கை உட்பட ஐந்து மாணவர்கள், ஒரு வரைபடம், நான்கு ஸ்டாப்வாட்ச். முதல் நாள் மாணவர்கள் நாடாவால் தரையை அளக்கத் தொடங்கியதும் பெரியக்கா கையிலிருந்த நுரையை உதறிக்கொண்டு கேட்டார்: "என்னப்பா, எங்களுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"இல்லக்கா, நீங்க எவ்வளவு நடக்குறீங்கன்னு பார்க்கிறோம்."

"எதுக்குப் பார்க்கணும்? என்னைக் கேளு, சொல்றேன். ரொம்ப."

நான்கு நாள் நின்று பார்த்தார்கள். பெரியக்கா தேய்ப்பார், அலசுவார், ஈரத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறையின் மறுகோடிக்கு நடப்பார், வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். சின்னக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே குடுவைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக ஒட்டினால் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம், திருப்பி அனுப்புவார். சரியாக இருந்தால் தாங்கியில் கவிழ்த்து, காய்ந்ததை ஆய்வகவாரியாகப் பிரித்துச் சீட்டு ஒட்டுவார். அடுத்த தட்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். மேடம் உள்ளே வரும்போதெல்லாம் சட்டென்று எழுந்து நிற்பார். ஒரு கையால் தாங்கியைப் பிடித்துக்கொள்வார். மேடம் போனதும் உட்கார்ந்துவிடுவார். குறிப்பேட்டில் ஒரு மாணவன் இதையும் எழுதினான்: 'பார்வையாளர் வந்தால் எழுகிறார். மற்ற நேரம் உட்கார்ந்திருக்கிறார்.' மேடத்துக்கு அம்மாவின் தொழிற்சாலைக் கதை நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டார்.

மாணவர்கள் அறையின் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, பெரியக்காவின் ஒவ்வொரு நடைக்கும் ஒரு சுற்றாகச் சிவப்பு நூலைக் கட்டினார்கள். ஒரு நாளைக்கு நூற்று இருபத்தைந்து தடவை போகவர நடந்திருந்தார். தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நூல் விரல் தடிமனுக்கு ஏறியது. மூன்றரைக் கிலோமீட்டர். "இந்தத் தாங்கியை இங்க கொண்டுபோய் வெச்ச புத்திசாலி யாருடா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

படிவத்தில் 'ஏன்?' என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. எந்தச் சிக்கலையும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டுத் துளைக்க வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் அரிச்சுவடி. இடக்கை தன் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் கட்டத்தில் மட்டும் எழுதியிருந்தாள்: 'சின்னக்கா ஏன் உட்கார்ந்தே இருக்கிறார்? கேட்டேன். ஒண்ணுமில்லம்மா என்றார்.'

"மேடம், அவங்க ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி இருந்துச்சு. இன்னொரு தடவை கேட்கட்டுமா?"

நேரம் நெருக்கியது. மூன்று வாரத்தில் குழு வருகிறது. "ஆளைப் பார்க்காதே, வேலையைப் பார். 'வேலை சமமாகப் பிரிக்கப்படவில்லை'ன்னு எழுதிட்டு மேல போ" என்றார் மேடம்.

அவள் எழுதினாள். மீதி நான்கு கட்டங்களை மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிரப்பினார்கள்.

ஒரு விடுமுறை நாளில் மாணவர்கள் ஸ்பேனரும் பெயிண்ட் டப்பாவுமாக வந்து தாங்கிகளைக் கழற்றித் தொட்டியிலிருந்து இரண்டு மீட்டரில் பொருத்தினார்கள். மேலே புது விளக்கு. தரையில் மஞ்சள் கோடுகள். கையெட்டும் தூரத்தில் சீட்டுப் பெட்டி. மூன்றரைக் கிலோமீட்டர் அரைக் கிலோமீட்டராகச் சுருங்கியது. மறுநாள் காலை பெரியக்கா வந்து வாசலில் நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. பளிச்சுனு இருக்கு." பிறகு கேட்டார்: "ஸ்டூலை எங்க வெச்சீங்க?"

"அது வழியில இருந்துச்சு. வெளியே வராந்தாவுல இருக்கு. இனிமே அதுக்கு அவசியமே இல்ல பாருங்க."

பெரியக்கா தலையை ஆட்டினார். சின்னக்கா அவருக்குப் பின்னால் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

மதிப்பீட்டுக் குழு வந்தது. ஆளுயரப் போஸ்டர். ஒரு பக்கம் 'முன்', ஒரு பக்கம் 'பின்'. நடை, நேரம், இடம் எல்லாவற்றுக்கும் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில்: 'தேவைப்படும் ஆட்கள். முன்: இரண்டு. பின்: ஒன்று.' குழு கை தட்டியது. துறைத் தலைவர் மேடத்தின் கையைக் குலுக்கினார்.

பதினாறு நாள் கழித்து இடக்கை அவருடைய அறைக் கதவைத் தட்டினாள். உட்காரவில்லை.

"மேடம், சின்னக்காவை நிறுத்திட்டாங்க."

"யாரு?"

"ஒப்பந்தக்காரர். பதிவாளர் ஆபீஸ்லேர்ந்து கடிதம் போயிருக்கு. நம்ம அறிக்கையை இணைச்சு."

"நாம யாரையும் எடுக்கச் சொல்லலையேம்மா. லீன்ல முதல் விதியே அதுதான். மிச்சமாகிற நேரத்தை வேற நல்ல வேலைக்குத் தரணும், ஆளை வெளியே அனுப்பக் கூடாது. அது இல்லேன்னா அடுத்த தடவை எந்தத் தொழிலாளி நம்மகிட்ட வாயைத் திறப்பான்?"

"அது எந்த வகுப்புல மேடம் நடத்தினீங்க?"

எந்த வகுப்பிலும் நடத்தவில்லை. அது நாற்பத்திரண்டாவது ஸ்லைடில் இருந்தது. அதற்குச் செய்முறை கிடையாது, தேர்வில் கேள்வி வராது, ஒவ்வொரு ஆண்டும் நேரம் போதாமல் தாண்டிவிடுவார்.

"போஸ்டர்ல 'பின்: ஒன்று'ன்னு எழுதினது நாம. பெரிசாப் போடச் சொன்னது நீங்க" என்றாள் இடக்கை. "எனக்குப் பசை டப்பாவை நகர்த்தி வெச்சீங்களே மேடம். அதைத்தான் நான் வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

அவள் போன பிறகு மேடம் வேதியியல் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனார். மஞ்சள் கோடுகளுக்கு நடுவே பெரியக்கா தனியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். சின்னக்கா ஏன் உட்கார்ந்தே இருந்தார் என்று மேடம் கேட்டார், இந்தத் தடவை உண்மையாகவே கேட்டார். பெரியக்கா கையை நிறுத்தாமல் சொன்னார்.

ஆறு வருடம் முன்பு குடுவைகளை ஊறவைக்கும் அமிலக் கலவைத் தொட்டி சரிந்து சின்னக்காவின் வலது பாதத்தில் கொட்டியது. காலில் இருந்தது ரப்பர் செருப்பு. மூடிய காலணி கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தார்கள். தோல் மூடியது, நரம்பு மூடவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் பாதம் எரியும். "விதின்னு நினைச்சு விடும்மா. எழுதினா விசாரணை வரும், வேலை போகும்" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். செருப்புக்குப் பதில் காலணி வாங்கித் தராததற்கு அன்று விதி என்று பெயர் வைத்தார்கள்.

"அப்புறம் நாங்களே யோசிச்சோம் டீச்சரம்மா. நிக்கிற வேலை, தூக்குற வேலை எல்லாம் எனக்கு. உட்கார்ந்து பார்க்கிற வேலை எல்லாம் அவளுக்கு. வெளிச்சம் ஜன்னல்கிட்டதான். அதனால தாங்கியை அங்க இழுத்துட்டுப் போனோம், அவ எழுந்திருக்காம எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி. நடை எனக்கு ஏறிச்சு. ஏறட்டுமே. ஆறு வருஷத்துல ஒரு ஆய்வகம்கூட அழுக்குக் குடுவைன்னு திருப்பினதில்ல, கேட்டுப் பாருங்க."

தாங்கியை அங்கே கொண்டுபோய் வைத்த புத்திசாலி யார் என்று மாணவன் கேட்டானே, அவர்கள்தான். பாடப்புத்தகம் படிக்காமல், ஸ்டாப்வாட்ச் இல்லாமல், ஓர் எரிந்த பாதத்தையும் கணக்கில் சேர்த்து ஒரு வேலையை வடிவமைத்திருந்தார்கள். மேடம் பதினோரு ஆண்டுகளாக நடத்திவந்த பாடத்தின் ஆகச் சிறந்த உதாரணம் பக்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை வீண் என்று பெயரிட்டுக் கழற்றிப் போட்டார்.

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா மேல போய்ச் சொல்லிடுவீங்கன்னு பயம். நீங்க நாலு நாள் நின்னு பார்த்தீங்க. உள்ள வரும்போதெல்லாம் அவ எழுந்து நின்னா. நீங்க அவ முகத்தைப் பார்த்திருந்தா காலு எரியுதுன்னு தெரிஞ்சிருக்கும்."

இவ்வளவு தெரிந்த பிறகு ஒரு மனிதர் என்ன செய்வார் என்று எதிர்பார்க்கிறோமோ, அதை அவர் செய்யவில்லை. துறைத் தலைவரிடம் போனார். உண்மை. அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் சொன்னார்.

"நம்ம தலையில நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா மேடம்?" என்றார் தலைவர். கோபப்படவில்லை, கனிவாகவே பேசினார். "குழு அறிக்கை இன்னும் வரல. நிரந்தரப் பட்டியல் பதிவாளர் மேஜையில இருக்கு. ஆள் குறைக்கிறது ஒப்பந்தக்காரர் விஷயம். அதுல நாம தலையிட முடியுமா? கொஞ்ச நாள் போகட்டும்."

"சரி சார்" என்றார் மேடம்.

இரண்டே சொல். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, படியிறங்கி, அடுத்த வகுப்புக்குப் போய்க் காகித உறை செய்ய வைத்தார். முதல் உறை ஐம்பது நொடியில் வந்து விழுந்தது. மாணவர்கள் மேஜையைத் தட்டினார்கள். இடக்கை தட்டவில்லை. இப்படி ஒன்பது வாரம் போயிற்று. வேதியியல் கட்டடத்தின் பக்கமே போகாமல், சுற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போக ஒரு நீண்ட வழி உண்டு. அவர் அதில் நடக்கத் தொடங்கினார். வீண் நடையைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை.

அம்மாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பல்கலைக்கழகச் செய்திமடல் வீட்டுக்கு வந்தது. ஒரு மாலை துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அதை எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். போஸ்டருக்குப் பக்கத்தில் மகள் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்.

"நல்லா விழுந்திருக்கேடி" என்றார். பிறகு போஸ்டரைப் படித்தார். "முன்னாடி ரெண்டு பேரு, இப்ப ஒருத்தி. இன்னொருத்தி எங்க?"

மகள் செய்திமடலை வாங்கி வைக்கப் பார்த்தார். அம்மா மறுபடி கேட்டார். மகள் சொன்னார், எல்லாவற்றையும், பாதத்தையும், ஸ்டூலையும், 'சரி சார்'ஐயும்.

அம்மா மடித்த சட்டையைப் பிரித்துத் திரும்ப மடித்தார்.

"வாட்ச்காரன் கதையை உன் பிள்ளைங்ககிட்டச் சொல்வியே. சிரிப்பாங்கன்னு சொல்வே."

"ஆமா."

"நாங்க எதுக்கு மெதுவாத் தைச்சோம்னு நீ என்னைக்காவது கேட்டியா?"

கேட்டதில்லை.

"எங்க வரிசையில ஒருத்திக்குக் கண்ணு மங்கிடுச்சு. ஊசியில நூலே கோக்க வராது. பக்கத்துல இருக்கிறவ கோத்துக் கொடுப்பா. எங்க வேகத்தை அவன் எழுதிட்டுப் போனா அவளால எட்ட முடியாது, மறுநாளே வெளிய. அதான் நாற்பது பேரும் அவ வேகத்துக்குத் தைச்சோம். மூணு வருஷம் காப்பாத்தினோம். நாங்க அவனை ஏமாத்தினோம்னுதானே நீ புரிஞ்சுக்கிட்டே? நீ அவன் பக்கத்துலேர்ந்து கேட்டிருக்கேடி." பிறகு கேட்டார்: "அந்தச் சின்னக்கா என்ன தப்பு பண்ணா?"

மேடம் அன்று அழுதார் என்று எழுதலாம். அழுதார்தான். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

மறுநாள் அவர் உட்கார்ந்து இரண்டாவது அறிக்கை ஒன்றை எழுதினார். முதல் அறிக்கை பிழையானது. ஒரு தொழிலாளியின் உடல்நிலை என்கிற அடிப்படைத் தகவலைச் சேகரிக்கத் தவறிவிட்டோம். கேட்க வந்த மாணவியைத் தடுத்தது நான். அந்தத் தகவலோடு கணக்கிட்டால் பழைய அமைப்பே சரியானது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தினார். சின்னக்காவின் பாதத்தைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருந்தார். சின்னக்காவிடம் கேட்கவில்லை. இந்தத் தடவையும்.

பெரியக்காவிடம் வழி கேட்டுக்கொண்டு போனார். மூன்றாவது மாடியில் ஓர் அறை வீடு. படிகளை எண்ணினார்: ஐம்பத்திரண்டு. சின்னக்கா கதவைத் திறந்தார், பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உட்காருங்கக்கா. தயவுசெஞ்சு உட்காருங்க."

"நீங்க உட்காருங்க முதல்ல" என்றார் சின்னக்கா. "ஒரே நாற்காலிதான். நான் கட்டில்ல உட்காருறேன்."

மேடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். சின்னக்கா கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் வேண்டாம் டீச்சரம்மா. மன்னிச்சேன்னு சொன்னா உங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு என்ன வரும்? எதுக்கு வந்தீங்களோ அதைச் சொல்லுங்க."

மேடம் அறிக்கையைப் படித்துக் காட்டினார். சின்னக்கா ஒவ்வொரு வரியையும் கேட்டார். முடிந்ததும், "என் காலைப் பத்தி எழுதியிருக்கீங்க. சரிதான். ஆனா அது தானா எரிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். "செருப்போட நிக்க வெச்சது யாரு, எழுதாதேன்னு சொன்னது யாரு, அதையும் போடுங்க. அது இல்லாம என் காலை மட்டும் போட்டா, 'பாவம், ஊனமான பொம்பளை'ன்னு இரக்கப்படுவாங்க. எனக்கு அது வேண்டாம். நான் ஆறு வருஷம் வேலை செஞ்சிருக்கேன், சும்மா உட்காரல."

"போடுறேன்க்கா. உங்க பேரு?"

"போடுங்க. இத்தனை வருஷமா எந்தப் புத்தகத்துலயும் இல்லாத பேரு. இதுலயாவது இருக்கட்டும்." பிறகு கேட்டார்: "உங்களுக்கு ஏதும் வருமா?"

"வரலாம்."

"வரட்டும்" என்றார் சின்னக்கா. அதில் வன்மம் இல்லை. ஆறுதலும் இல்லை.

அறிக்கை துறைத் தலைவருக்கும் பதிவாளருக்கும் மதிப்பீட்டுக் குழுவுக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் போயிற்று. இடக்கையும் கையெழுத்துப் போட்டாள். மற்ற நால்வரில் இருவர் போட்டார்கள், இருவர் வேலை தேடும் நேரம் என்று ஒதுங்கினார்கள். மேடத்தால் அவர்களைக் கடிந்துகொள்ள முடியவில்லை. தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அமிலத் தொட்டியைப் பார்த்தார். ஆறு வருடம் தாமதமாக ஒரு விபத்து பதிவேட்டில் ஏறியது. விசாரணை என்ற சொல்லைக் கேட்டதும் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று மனிதாபிமானம் சுரந்தது. நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு சின்னக்கா திரும்பி வந்தார். இருவருக்கும் மூடிய காலணி வந்தது. நிரந்தரப் பட்டியலில் மேடத்தின் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

இதைக் கேட்ட சிலர் அவரைப் பாராட்டினார்கள். எவ்வளவு பெரிய மனது, வேலையையே பணயம் வைத்தாரே என்றார்கள். அவர் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. "ஒன்பது வாரம்" என்று மட்டும் சொல்வார். அந்த ஒன்பது வாரமும் ஒருத்தி வேலை தேடி ஐம்பத்திரண்டு படி இறங்கி ஏறியிருக்கிறார். அளவு எடுக்கத் தெரிந்தவருக்கு அந்த அளவும் தெரியும்.

சின்னக்கா வேலைக்குத் திரும்பிய வாரம் மாணவர்கள் ஸ்பேனரோடு கழுவும் அறைக்குப் போனார்கள். இந்தத் தடவை வரைபடம் அவர்களிடம் இல்லை. பெரியக்கா நடு அறையில் நின்று கையை நீட்டி நீட்டி ஏவினார்.

"அங்க இல்லப்பா, இன்னும் தள்ளு. ஜன்னல் பக்கம். நாலு வருஷம் படிச்சும் ஜன்னல் எதுன்னு தெரியலையா?"

"அக்கா, சக்கரம் வெச்ச வண்டி ஒண்ணு செஞ்சு தரட்டுமா? தட்டைத் தூக்காம தள்ளிட்டே போகலாம். ஒரே நடையில அஞ்சு தட்டு" என்று கேட்டாள் இடக்கை.

பெரியக்கா யோசித்தார். "இதை அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?"

இடக்கை மேடத்தைப் பார்க்கவில்லை. மேடம் வாசலருகே நின்றிருந்தார், ஸ்டாப்வாட்ச் இல்லாமல், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல். வராந்தாவில் மழையும் வெயிலும் பட்டு ஒரு கால் ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலை அவரேதான் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆடும் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகி, ஜன்னலடியில் வைத்தார். சின்னக்கா வந்து உட்கார்ந்தார். ஒரு குடுவையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் முத்து முத்தாக ஒட்டியிருந்தது.

"இது சரியில்ல. திருப்பிக் கழுவணும்" என்று மேடத்திடம் நீட்டினார்.

மேடம் வாங்கிக்கொண்டு தொட்டிக்கு நடந்தார். பதினான்கு மீட்டர். தேய்த்தார், அலசினார், திரும்பப் பதினான்கு மீட்டர் நடந்து கொண்டுவந்து கொடுத்தார். சின்னக்கா தூக்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், தாங்கியில் கவிழ்த்தார். மேடம் எதிரேயே நின்றுகொண்டிருந்தார். சின்னக்கா இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.